யார் உடுத்த வேண்டும்?

2019 செப்டம்பரில் சவுதி அரேபியா சுற்றுலா விசாவைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிய வேண்டியதில்லை, தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும் என்றது. மாலத்தீவில் சொகுசு விடுதிகளுக்கென ஒதுக்கிய தீவுகளில் நீச்சலுடைக்குத் தடையில்லை. மக்கள் குடியிருக்கும் தீவுகளில் அதற்கென மறைத்து ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே அணியலாம். பெண்ணின் உடையை அரசு தீர்மானிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளூர்ப் பெண்ணைச் சட்டம் போட்டு வற்புறுத்தும்போது அந்தக் கேள்வி நியாயமானதுதான். நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிற விருந்தாளிக்கு உடையை மாற்றிக்கொள்வது பெரிய இழப்பில்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சன்னிதிக்குள் போகிற நம் ஆண்களுக்கு இது புதிதுமல்ல. ஓரிடத்தில் மூடுவது மரியாதை, இன்னோரிடத்தில் கழற்றுவது மரியாதை. துணி எவ்வளவு என்பது கணக்கில்லை. வீட்டுக்காரர் வழக்கத்துக்கு வந்தவர் இணங்குகிறாரா என்பதே கணக்கு.

இந்தக் கணக்கு தலைகீழாகப் போன இடம் அந்தமான். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ரோஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் திறந்து, பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினரைக் கொண்டுவந்து வைத்து, உடை போட்டுப் பழக்கினார்கள். வந்தவர் தன் கண் கூசாமலிருக்க வீட்டுக்காரருக்கு உடுத்திவிட்டார். ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்களைத் தொற்றுநோய்கள் வாரிக்கொண்டு போயின. 2011 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 44 பேர். அங்கே வாழும் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் 1990களின் பிற்பகுதி வரை வெளியாரை அண்டவிடாததால்தான் தப்பினார்கள். அவர்களை உடையற்றவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். மார்பைச் சுற்றி மரப்பட்டைக் கவசம், சிவப்பு நூல், சிப்பி மாலை, உடம்பில் வெள்ளைக் களிமண் கோலம் என்று அவர்களுக்கும் உடுப்பு உண்டு. நம் கண்ணுக்கு அது உடுப்பாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் காட்டில், நனைந்த பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடப்பதைவிட அந்தக் களிமண் எவ்வளவோ மேல்.

பிரச்சினை துணியோடு நிற்கவில்லை, கண்ணுக்கும் வந்தது. அந்தமான் பெருவழிச்சாலை, உள்ளூர்க்காரர்கள் ‘ஏடிஆர்’ என்று சொல்வது, ஜாரவா காப்புக்காட்டை ஊடறுத்துப் போகிறது. பாராட்டாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து கான்வாயாகப் புறப்படும். அந்தச் சாலையை மூட 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் காணொளி உலகம் முழுவதும் பரவியது. மறு ஆண்டு ஜனவரியில் நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டது; மார்ச்சில் அந்தத் தடையும் தளர்ந்தது. முழுக்க உடுத்திக்கொண்டு ஆடச் சொன்னவர்கள்தான் அந்தக் காணொளியில் அடக்கம் மீறியவர்கள்.

‘இப்போது ஜாரவா இளைஞர்களே டி-சர்ட் போடுகிறார்களே, காலம் மாறாதா?’ என்று கேட்கலாம். மாறும். எதைப் போடுவது, எப்போது போடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பழைய துணியை வண்டியிலிருந்து வீசுவது அந்த முடிவை அவர்களிடமிருந்து பறிப்பது. அவர்களைப் பட்டினி போட்டுக் கண்காட்சியாக வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்றும் கேட்பார்கள். காட்டுப்பன்றியும் மீனும் தேனும் கிடைக்கும் காட்டில் அவர்கள் பட்டினியில்லை. கண்காட்சி ஆக்குவது நம் கேமராதான்.

சென்னையிலிருந்து அந்தமான் டூர் போகிறவர்களின் பட்டியலில் பாராட்டாங் தவறாமல் இருக்கிறது. சவுதிக்குப் போகும்போது நீளக் கைச் சட்டை எடுத்து வைக்கிற நாம், ஜிர்காடாங் தாண்டினதும் போனைப் பைக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம். அந்தக் காட்டில் வண்டியை நிறுத்துவதும் படமெடுப்பதும் சட்டப்படி குற்றம்.