ஒரு நாள் பண்டிகை, நூறு நாள் தவணை!

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஐப்பசி பிறந்தாச்சுன்னா நம்ம செட்டிநாட்டுப் பக்கம் விசேஷங்கள் வரிசை கட்டி நிற்கும். தீபாவளி, கார்த்திகை தீபம், பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல். மூன்று மாதத்துக்குள் ஆறு விசேஷம்! எந்த மதத்து வீடாக இருந்தாலும் இதில் இரண்டு மூன்றாவது நம்ம தலையில் உண்டு. சந்தோஷமான விஷயம்தான். ஆனா இந்தச் சந்தோஷத்துக்கு நம்ம வீடுகள் என்ன விலை கொடுக்குது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

மழைக்காலமா, செலவுக்காலமா?

முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மழை பெய்தா விவசாயிக்கு நல்லது. ஆனா கொத்தனார், சித்தாள், பெயிண்டர், செங்கல் சூளைத் தொழிலாளி இவங்களுக்கெல்லாம் அந்த மூன்று மாதம் பாதி நாள் வேலை இருக்காது. என் அப்பாவும் கொத்தனார்தான். வானம் இருட்டினா எங்க வீட்டில் அடுப்பும் யோசிக்கும்.

விவசாயிக்கு மட்டும் அப்ப கையில் காசு இருக்குமா என்றால் அதுவும் இல்லை. நம்ம சிவகங்கை மாவட்டம் பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பிய பூமி. நெல் அறுப்பு தை, மாசியில்தான். ஆக, பொங்கல் என்பது கைக்குப் பணம் வரும் நேரத்துப் பண்டிகை. தீபாவளியும் கிறிஸ்துமஸும் பணம் வருவதற்கு முன்னால் வரும் பண்டிகைகள். வரவு மிகக் குறைவான மாதத்தில் செலவு மிக அதிகம். இது யாருடைய ஊதாரித்தனமும் அல்ல. காலண்டரின் அமைப்பே அப்படி!

மில்லில், கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளியை அடைக்கத்தான் போனஸ் இருக்கிறது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அது என்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம்! தினக்கூலிக்காரருக்கு அந்தப் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அவருக்குப் போனஸ் கடன்தான்.

தண்டல் கணக்கு

சரி, அந்தக் கடன் எப்படி வருகிறது? வங்கிக்குப் போனால் பத்திரம், ஜாமீன், சம்பளச் சான்று. தண்டல்காரர் வீட்டுக்கே வருவார். பத்தாயிரம் கேட்டா, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டினா கடன் முடிந்தது.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். 1,500 ரூபாய்தானே கூட, போகட்டும் என்று தோணும். ஆனா 8,500 ரூபாயும் 100 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருப்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதுக்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் மூன்றில் ஒரு பங்கு. வருஷத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 120 சதவீதம்! நகைக் கடனுக்கு வங்கியில் என்ன வட்டி என்று விசாரித்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இன்னொன்று. தீபாவளிக்கு வாங்கிய கடன் தை பிறந்த பிறகுதான் தீரும். அதுக்குள்ள கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ அடுத்த கடன். இரண்டும் மேலே மேலே ஏறும் நாட்களில் தினம் 200 ரூபாய். மழையில் வேலை இல்லாத நாளுக்கும் அதே 200. டிசம்பர் நடுவில் வாங்கினது மார்ச் கடைசியில் முடியும். அதுக்குப் பின்னாலேயே நம்ம ஏப்ரல் செமஸ்டர் வந்து நிற்கும். பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள் வரை ஆபீஸ் வாசலில் நிற்கிற நண்பர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நிலைமைக்குப் படிப்புச் செலவு மட்டும் காரணம் இல்லை. நூறு நாளைக்கு முன்னால் வெடித்த வெடியும் ஒரு காரணம்.

எங்க வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேலே படிக்க வந்த முதல் ஆள் நான். இந்த 120 சதவீதக் கணக்கை நோட்டில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா சொன்னது இதுதான்: "வட்டி கூடன்னு எனக்கும் தெரியும்டா. ஆனா கேட்ட அன்னைக்கே கொடுக்கிறவர் அவர் ஒருத்தர்தானே?" அதுக்கு என்னிடம் பதில் இல்லை. கடன் வாங்காதே என்று சொல்வது சுலபம் நண்பர்களே. கடன் வேண்டாத நிலைமையை முன்கூட்டியே உண்டாக்குவதுதான் வேலை.

சீட்டு நல்லதா, கெட்டதா?

அதுக்கு நம்ம பெண்கள் கண்டுபிடித்த வழி பண்டிகைச் சீட்டு. மாதம் 500 வீதம் கட்டினா வருஷக் கடைசியில் பட்டாசு, ஸ்வீட், பாத்திரம், சில சமயம் வெள்ளிக் காசு. இது நம்ம ஊர் மூளை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டே பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரத்து வங்கி ஒன்று 'கிறிஸ்துமஸ் கிளப்' என்று இதே முறையைத் தொடங்கியது. வாரா வாரம் சிறு தொகை, டிசம்பரில் மொத்தமாகக் கையில்.

சேமிப்பது நல்லது. ஆனா யாரிடம் சேமிக்கிறோம்? இங்கிலாந்தில் 'ஃபேர்பாக்' என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில் திவாலானது. பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணக் குடும்பங்களின் பணம் முடங்கியது. நம்ம நாட்டிலும் சீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய கதை ஊருக்கு ஒன்று உண்டு. அதனால்தான் 1982ல் சிட்ஃபண்ட் சட்டமும், 2019ல் முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் சட்டமும் வந்தன. அட்டையில் பெயரெழுதி முத்திரை குத்தினா மட்டும் அது பதிவு பெற்ற சீட்டு ஆகிவிடாது.

அதே 500 ரூபாயை வங்கியில் மாதாந்திர ஆர்.டி.யாகப் போட்டால் பன்னிரண்டு மாதத்தில் 6,000 ரூபாயும் வட்டியும் கிடைக்கும். வங்கியில் ஒருவர் போடும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் பாதுகாப்பு 2020லிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த நம்மில் பலருக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது நம்ம படிப்புக்காக வரும் பணம். பண்டிகை மாதத்தில் அது எங்கே போகிறது என்று ஒவ்வொருவரும் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கலாம்!

செட்டிநாடு சொல்லும் பாடம்

சிக்கனத்துக்குப் பாடம் தேடி வெளியூர் போக வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தேக்குக் கதவு, எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி எல்லாம் அடுக்கியிருக்கும். ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் ஊர் மெச்சப் பரப்பி வைத்த சீர் சாமான்கள் அவை.

அவை ஏன் தெருவுக்கு வந்தன? பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தாருக்கு 1930ல் உலகப் பொருளாதார மந்தம் பேரிடியாக வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937ல் 25 சதவீதம் ஆனது. பார்க்க லாபம் மாதிரி இருக்கும். உண்மையில் கைப்பணம் எல்லாம் மண்ணாக மாறி மாட்டிக்கொண்டது. 1942ல் ஜப்பான் படை வந்தது. 1948ல் பர்மா அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. திரும்பி வந்த பல குடும்பங்களுக்கு மிஞ்சியது பெரிய வீடும் அதிலிருந்த சாமானும்தான். காட்சிக்காக வாங்கியது கஷ்டத்துக்கு எடைக்குப் போனது.

ஆனா அதே நகரத்தாரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு. கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும். அதுக்கு என்ன செலவு? மாவும் நெய்யும், பொரி வகைகளும், ஆவாரம்பூவும், 21 நூல் இழையும். மாவில் இழையை வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கோடீஸ்வரர் வீட்டிலும் 21 இழைதான், கணக்குப்பிள்ளை வீட்டிலும் 21 இழைதான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. போட்டிக்கே இடமில்லாத பண்டிகை! பண்டிகைச் செலவு ஏறுவதற்குப் பாதிக் காரணம் பக்கத்து வீடு. அளவு எல்லோருக்கும் ஒன்று என்று ஆகிவிட்டால் அந்தப் பாதி தானாகக் குறைந்துவிடும்.

இதை நேரில் பார்த்த வருஷம் 2016. நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் போனது. கிறிஸ்துமஸுக்கு இருந்தது 47 நாள். கூலியைப் பழைய நோட்டில் வாங்கிக்கொண்டு அப்பா வரிசையில் நின்றார். அந்த வருஷம் எங்க கிராமத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்டார் கிடையாது, தெருவுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு குடில் கிடையாது, கோயில் வாசலில் ஒன்று. அரிசி ஒரு வீடு, காய்கறி ஒரு வீடு என்று கொண்டுவந்து பொதுச் சமையல். யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஏன்னா, எல்லார் நிலைமையும் ஒன்றுதானே! தனியாகச் சிக்கனம் பிடித்தால் கஞ்சன் என்பார்கள். ஊரோடு சேர்ந்து பிடித்தால் அது கட்டுப்பாடு.

குடில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் இத்தாலியின் புனித பிரான்சிஸ். 1223ல் கிரேச்சோ என்ற ஊரில் அவர் வைத்ததில் இருந்தது வைக்கோலும், மாடும், கழுதையும்தான். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்தநாளுக்குக் கடன் வாங்குவதை அவரே விரும்புவாரா என்று நம்ம கிறிஸ்தவ நண்பர்கள் யோசிக்கலாம். (மானாமதுரை பக்கம் 1894ல் எழுந்த இடைக்காட்டூர் ஆலயத்தைப் பார்க்க எல்லா மதத்தாரும் போகிறார்கள். அதுக்குப் பஸ் சார்ஜ் மட்டும்தான் செலவு!)

எதைக் குறைக்கலாம்?

1. முதலில் எழுதுங்கள். போன வருஷம் பண்டிகைக்கு என்ன ஆனது என்று துணி, பலகாரம், வெடி, பயணம், சீர் எனத் தனித்தனியாக எழுதினாலே எங்கே கை நீளுகிறது என்று தெரியும்.

2. விலைவாசியைப் புரிந்துகொள்ளுங்கள். 2024 அக்டோபரில் உணவுப் பொருள் பணவீக்கம் 10.87 சதவீதம். 2025 அக்டோபரில் மொத்தச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று பேப்பரில் வந்தது. விலை இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஏறும் வேகம்தான் நின்றது. ஏறின படியிலேயேதான் நிற்கிறோம். பழைய பட்ஜெட் இப்போது செல்லாது.

3. ஸ்டாரை நாமே கட்டலாம். மூங்கில் பிளாச்சும் கலர் பேப்பரும் போதும். உள்ளே 60 வாட் குண்டு பல்பு தினம் 12 மணி நேரம் 25 நாள் எரிந்தா 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் 2.7 யூனிட்.

4. பலகாரத்தைச் சேர்ந்து சுடலாம். நாலு வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் முறுக்கும் சீப்புச்சீடையும் சுட்டால் எண்ணெயும் விறகும் மிச்சம், பேச்சுத் துணையும் இலவசம்.

5. தலைத் தீபாவளி, தலைக் கிறிஸ்துமஸ் சீரைப் பற்றி இளைஞர்கள் நாமே வாயைத் திறக்க வேண்டும். மாப்பிள்ளை ஆகப் போகிறவன் "வேண்டாம்" என்று சொன்னா, மாமனார் தண்டல்காரரிடம் போக வேண்டியதில்லை.

6. வீட்டில் கட்டட வேலை செய்கிறவர் இருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே உதவித்தொகை உண்டு. ஃபாரம் நிரப்ப வீட்டில் ஆள் இல்லையே என்று இனி சொல்ல முடியாது. நாம் இருக்கிறோமே!

எதைக் குறைக்கக் கூடாது?

தங்கச்சியின் புதுத்துணி, தாத்தா பாட்டிக்குக் கொடுக்கும் வேட்டி சேலை, பக்கத்து வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டு. இவற்றில் கை வைக்க வேண்டாம். வருஷம் பூராவும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு ஒரு நாளாவது நிறைவாக இருக்க வேண்டும். சிக்கனம் என்பது சந்தோஷத்தைக் குறைப்பது அல்ல, வட்டியைக் குறைப்பது.

வருகிற வழி சின்னதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலமாகாமல் இருந்தால் போதும் என்கிறார் வள்ளுவர். வலியறிதல் அதிகாரத்தில் இதை வைத்தார். தன் பலம் தெரிந்து நடப்பதும் ஒரு பலம்தான். நம்ம மெஷின் டிசைன் பாடத்திலும் இதுதானே? தாங்கும் சுமைக்கு மிகக் கீழேயே வேலைச் சுமையை வைக்கச் சொல்கிறார்கள். அதுக்குப் பெயர் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. பாலத்துக்கு அதைப் போடத் தெரிந்த நாம் வீட்டுக்கும் போட வேண்டாமா?

சேர்த்த பணம் என்ன செய்யும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1953ஆம் ஆண்டு பொங்கல் சமயம் திறப்பு விழா. அவரிடம் இருந்தது லட்சங்கள். நம்மிடம் இருப்பது மாதம் 500. ஆனா அந்த 500, அடுத்த ஏப்ரலில் ஒரு நண்பன் ஆபீஸ் வாசலில் நிற்காமல் நேரே ஹாலுக்குள் போக வைக்கும்.

அடுத்த ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கணக்கை இன்றைக்கே தொடங்குவோம் நண்பர்களே!