காலுக்கு ஒரு மதிப்பெண்

எலும்பு முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து உள்ளுக்கும் வெளிக்கும் வழி உண்டாகிவிட்டால் அது திறந்த முறிவு. இங்கே டாக்டர்கள் முறிவைவிட அதிகம் அஞ்சுவது புண்ணைத்தான். கிருமி உள்ளே போனால் எலும்பு கூடாமல் சீழ் வைக்கும்.

மினியாபொலிஸ் நகரில் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்த குஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976-இல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சுத்தமான புண் முதல் வகை. அதைவிடப் பெரிது, ஆனால் சதைச் சேதம் அதிகமில்லை என்றால் இரண்டாவது. சதை பெரிதும் நசுங்கிச் சிதைந்திருந்தால் மூன்றாவது. கடைசி வகைக்குள் எல்லாம் வந்து குவிந்ததால், 1984-இல் அதையே மூன்றாக்கினார்கள். எலும்பை மூடச் சதை மிஞ்சியிருந்தால் ஏ, எலும்பு மூட வழியின்றித் தெரிந்தால் பி, தமனியைச் சரிசெய்தே தீர வேண்டுமென்றால் சி. 'த்ரீ பி' என்று போனில் சொன்னாலே எதிர்முனை டாக்டருக்குப் புரியும்.

புரியுமா? 1994-இல் 245 எலும்பு மருத்துவர்களிடம் திறந்த முறிவுகளின் வீடியோவைக் காட்டி வகை கேட்டார்கள். ஒத்துப்போனது சராசரியாக 60 சதவீதம்தான். வெளியே சின்னக் கீறல், உள்ளே கூழான சதை என்பது விபத்துகளில் சகஜம். அழுக்கைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்த பிறகே வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டு 'த்ரீ பி' கால்களில் ஒன்று பிழைக்கும், மற்றதை எடுக்க நேரும். எது எதுவென்று அந்த எழுத்து சொல்லாது. இதற்கு விடை தேடியது கோவை கங்கா மருத்துவமனை. மருத்துவர் ராஜசேகரனும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட முறையில் தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மேலும் ஏழு பாதகங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு: 65 வயது தாண்டியவர், மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளி, புண்ணைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று போகிறது அது. தொழுவ மண்ணோ சாக்கடையோ புண்ணில் பட்டதும் பட்டியலில் உண்டு. நம் ஊர்ச் சாலைகளைத் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு என்று இதிலேயே தெரிகிறது.

மொத்தம் 29. பதினான்கு வரை காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ஐத் தொட்டால் எடுத்துவிடுவதே நல்லது. பதினைந்தோ பதினாறோ வந்தால் எண் எதுவும் சொல்லாது. அனுபவமுள்ள டாக்டர் ஆளையும் காயத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.