கம்ப்யூட்டருக்கும் ஒரு ‘ரெகுலேட்டர்’: மேஜை மேல் வைக்கும் திருகு குமிழ் யாருக்குத் தேவை?

ஃபேன் வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டரைத் திருகுகிறோம். மிக்ஸிக்கும் அதேதான். அந்தக் காலத்து ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்க, முள்ளை மயிரிழை அளவுக்கு நகர்த்தியதும் ஒரு குமிழ்தான். ஆனால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் மவுஸ். சத்தத்தைக் கூட்டணுமா, மவுஸ். படத்தைப் பெரிதாக்கணுமா, மவுஸ். வீடியோவை அரை விநாடி பின்னால் தள்ளணுமா, அதுக்கும் மவுஸ்.

இந்த வேலைகளைப் பிரித்து வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பெயர் ‘புரோகிராமபிள் நாப்’. கீபோர்டுக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும் இடத்தில் வைக்கும் ஒரு குமிழ். திருகினால் என்ன நடக்க வேண்டும், அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன், ஃப்ளெக்ஸ், டிடிபி என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாள் முழுக்க மவுஸைப் பிடித்தே சம்பாதிப்பவர்கள் உண்டு. முகூர்த்த மாதங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை ஓடும். அவர்களுக்கு இந்தக் குமிழ் வெறும் விளையாட்டுப் பொருளா, வேலைக்கு ஆகும் கருவியா? வாங்குவதா, நாமே செய்துகொள்வதா? பார்க்கலாம்.

இது புதுசா?

இல்லை. வீடியோ கேசட் காலத்தில் எடிட்டிங் செய்தவர்களுக்கு ‘ஜாக் ஷட்டில்’ நினைவிருக்கும். உள்வட்டத்தைச் சுற்றினால் படம் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். வெளிவளையத்தைத் திருப்பினால் டேப் வேகமாக ஓடும். எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பெரும்பாலான கடைகளில் அந்த வட்டம் காணாமல் போனது. மவுஸ் மட்டும் மிஞ்சியது.

2000-களின் தொடக்கத்தில் கிரிஃபின் நிறுவனம் ‘பவர்மேட்’ என்ற அலுமினியக் குமிழை விற்றது. 2016 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ‘சர்ஃபேஸ் டயல்’ கருவியை அறிவித்தது. விலை 99.99 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 6,700 ரூபாய். 2022-ல் எல்காட்டோவின் ‘ஸ்ட்ரீம் டெக் பிளஸ்’ 4 குமிழ்களோடு வந்தது. 2024-ல் லாஜிடெக்கும் ‘எம்எக்ஸ் கிரியேட்டிவ் கன்சோல்’ என்று ஒரு டயலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மவுஸில்தான் சக்கரம் இருக்கிறதே, போதாதா?

பாதி வேலைக்குப் போதும். ஆனால், மவுஸ் சக்கரம் அம்புக்குறி எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலை செய்யும். டைம்லைனில் நின்றால் ஒன்று, பிரிவியூவில் நின்றால் வேறொன்று. தவிர, குறிபார்க்கும் வேலையும் உருட்டும் வேலையும் ஒரே கைக்குத்தான் போகிறது. இன்னொரு கை சும்மா இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நம்மூர் வீடியோ பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு மணி நேர வீடியோவில் 90,000 ஃப்ரேம்கள். தாலி கட்டும் அந்த நொடியில் சரியாக வெட்ட வேண்டும் என்றால், மவுஸால் இழுக்கும்போது பத்து ஃப்ரேம் தாண்டிவிடும்; திரும்ப இழுத்தால் பத்து ஃப்ரேம் பின்னால் போய்விடும். குமிழில் ஒரு ‘கிளிக்’ என்பதை ஒரு ஃப்ரேம் என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு முழுச் சுற்றுக்கு 20 கிளிக் என்றால், அது 0.8 விநாடி. அழுத்திக்கொண்டே திருகினால் 5 ஃப்ரேமாகத் தாவும்படியும் வைக்கலாம். அப்போது ஒரு சுற்றுக்கு 4 விநாடி.

ஆல்பம் டிசைனருக்கு இதே குமிழ் பிரஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும். பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டு டைப் செய்பவருக்கு, கீபோர்டிலிருந்து கை அதிகம் நகராமல் ஆடியோவைப் பின்னுக்குத் தள்ளும். ‘என்விடிஏ’ ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு, திரையில் ஸ்லைடரைத் தேடாமல் தொட்டே உணர்ந்து சத்தத்தை மாற்ற ஒரு வழி கிடைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பார்க்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இருந்தாலும் சங்கதி வேறு. ரெகுலேட்டருக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஓரத்தில் போய் முட்டி நின்றுவிடும். இந்தக் குமிழின் உள்ளே இருப்பது ‘ரோட்டரி என்கோடர்’. இது முடிவில்லாமல் சுற்றும். ‘நான் எங்கே நிற்கிறேன்’ என்று சொல்லாது. ‘எந்தப் பக்கம், எத்தனை கிளிக் நகர்ந்தேன்’ என்று மட்டும் சொல்லும்.

எந்தப் பக்கம் என்பது எப்படித் தெரியும்? உள்ளே இரண்டு தொடர்புகள் உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாது. கால் சுற்று அலை அளவுக்கு ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும். வலப்பக்கம் திருகினால் முதல் தொடர்பு முந்தும், இடப்பக்கம் திருகினால் இரண்டாவது முந்தும். எது முந்தியது என்று பார்த்து சிப் திசையைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, கம்ப்யூட்டருக்குச் சொல்வது. கீபோர்டும் மவுஸும் பேசும் அதே ‘ஹெச்ஐடி’ என்ற யூஎஸ்பி முறையில்தான் குமிழும் பேசுகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். அதனால் சாதாரண வேலைகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸில் சத்தத்துக்கான விசையை ஒருமுறை தட்டினால் 2 புள்ளி மாறும். 20 கிளிக் குமிழ் என்றால், சத்தம் 0-விலிருந்து 100-க்குப் போக இரண்டரைச் சுற்று.

நாமே செய்தால் எவ்வளவு ஆகும்?

ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். தேவை மூன்றே பொருள்: யூஎஸ்பி வசதியுள்ள ஒரு சின்ன போர்டு, ‘கேஒய்-040’ என்ற பெயரில் விற்கும் என்கோடர், ஒரு பெட்டி. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமான ‘ராஸ்பெரி பை பிக்கோ’ இதற்குப் பொருத்தமானது. விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும் என்பதில்லை; ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

இன்ஜினீயரிங் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ‘ஆர்டுயினோ ஊனோ ஆர்3’ இந்த வேலைக்கு நேரடியாகச் சரிவராது. அது தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளாது. பிக்கோ, லியோனார்டோ, புரோ மைக்ரோ ஆகியவை காட்டிக்கொள்ளும்.

இணைப்பு ஐந்தே ஒயர்தான். பிக்கோவுடன் இணைக்கும்போது என்கோடருக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் போர்டு பழுதாகலாம். ‘சர்க்யூட்பைத்தான்’ ஏற்றிவிட்டால் பிக்கோ ஒரு பென் டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் திறக்கும். அதில் இருக்கும் நிரலை நோட்பேடிலேயே திருத்தலாம். திருகும்போது எண் தாவித் தாவிப் போனால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் தொடர்பு ஒருமுறை தொடும்போது சில முறை அதிர்வதால் வரும் கோளாறு அது. நிரலில் சில மில்லி விநாடி காத்திருக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் டைப் செய்பவர்கள் கவனிக்க

பிரஷ் அளவை மாற்ற ஃபோட்டோஷாப்பில் சதுர அடைப்புக்குறி விசைகளைத் தட்டுவார்கள். அதையே குமிழில் பதிந்து வைத்தால், தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது சிக்கல். அந்த இரண்டு விசைகளும் தமிழ்99-ல் ‘ச’, ‘ஞ’. பத்திரிகையில் பெயர் அடித்துக்கொண்டிருக்கும்போது தவறிப்போய்க் குமிழ் திரும்பினால், மாப்பிள்ளை பெயருக்கு நடுவில் வேண்டாத ‘ச’ வந்து விழும். காரணம், குமிழ் அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் எண்ணை.

இதற்கு வழி, எழுத்து விசைகளைத் தவிர்ப்பதுதான். அம்புக்குறி, ஒலி விசைகள் அல்லது கீபோர்டில் வழக்கமாக இல்லாத எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகளைக் குமிழுக்குக் கொடுக்கலாம்.

எவ்வளவு நாள் உழைக்கும்?

விளம்பரங்கள் பேசாத விஷயம் இது. இயந்திர வகை என்கோடர்களுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் 15,000 முதல் 30,000 சுற்றுகள். ஒரு நாளைக்கு 100 சுற்று சுற்றினால் 15,000 என்பது 150 நாள்தான். அதன்பின் உடனே செத்துவிடும் என்றில்லை. கிளிக்குகள் தவற ஆரம்பிக்கலாம். ஒளியால் எண்ணும் ‘ஆப்டிகல்’ வகை பல மடங்கு உழைக்கும், விலையும் பல மடங்கு.

இங்கேதான் நாமே செய்வதன் லாபம் தெரிகிறது. தேய்ந்த என்கோடரைக் கழற்றி நூறு ரூபாய்க்குள் இன்னொன்றைப் போட்டுவிடலாம். நிறுவனத்தின் தனி மென்பொருளை நம்பி இயங்கும் விலை உயர்ந்த குமிழ் அப்படியல்ல. பவர்மேட்டின் உற்பத்தி நின்றுவிட்டது. லினக்ஸில் மட்டும் அதற்கான டிரைவர் இன்றும் இருக்கிறது. சர்ஃபேஸ் டயல் விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. அதனால் வாங்குபவர்கள், ‘அமைப்பு கருவிக்குள்ளேயே பதிவாகுமா, இல்லை மென்பொருள் எப்போதும் ஓட வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. உள்ளேயே பதிவாகும் கருவி, கம்பெனி போனாலும் வேலை செய்யும்.

இன்னொரு எச்சரிக்கை. கீபோர்டாக நடிக்கும் கருவி எதை வேண்டுமானாலும் டைப் செய்யும். யூஎஸ்பி கருவிகள் இப்படி ஏமாற்ற முடியும் என்பதை 2014-ல் ‘பேட்யூஎஸ்பி’ ஆய்வு உலகுக்குக் காட்டியது. யாரோ நிரல் எழுதிக் கொடுத்த குமிழை அலுவலகக் கணினியிலோ இ-சேவை மையத்திலோ செருக வேண்டாம்.

மணிக்கட்டு வலி போய்விடுமா?

போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வேலை இரண்டு கைக்கும் பங்காகும், இழுத்துப் பிடிக்கும் நேரம் குறையும். ஆனால், திருகுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுதான். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் வலி எழுப்புவது என்று இருந்தால் கருவி வாங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

மொத்தத்தில், சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கப் போகிறவருக்கு இது ஆடம்பரம். கீபோர்டில் உள்ள விசையே போதும். ஒரே அசைவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்பவருக்கு இது கருவி. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய, ஒரு நாள் முழுக்க ஒரே ஷார்ட்கட்டை எத்தனை முறை தட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். பணம் செலவழிப்பதைப் பிறகு யோசிக்கலாம்.