போக்கர் ஆர்வலர்களே, சிப்ஸ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2025 கோடையில் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 9,735 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தார்கள். மைக்கேல் மிஸ்ராக்கி ஒரு கோடி டாலரை வென்றார். உலகமெங்கும் ரசிகர்கள் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து ரசித்தது அவர் வென்ற அந்தக் கடைசி மேசையைத்தான். ஏதாவது ஒரு பரிசு கிடைத்தது 1,461 பேருக்கு. மீதமுள்ள 8,274 பேர் கட்டிய பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. பரிசு பெற்றவர்களிலும் கடைசி வரிசையில் இருந்தவர்கள் 15,000 டாலரோடு எழுந்து போனார்கள். அதில் அவர்கள் கட்டியதே 10,000.

போக்கர் அருமையான ஆட்டம். கணக்கு, நிதானம், எதிரில் இருப்பவரின் மனத்தைப் படிக்கும் கூர்மை எல்லாம் அதற்கு வேண்டும். அதை ரசிப்பதும் கற்பதும் தவறில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து இந்த ஆட்டத்தைத் தொடர்பவருக்கு முன்னால் சட்டம், வரி, பணம் என்று மூன்று கணக்குகள் இருக்கின்றன. நம் இளைஞர்கள் பலர் ஆட்டத்தின் நுணுக்கங்களை மணிக்கணக்கில் படிக்கிறார்கள். இந்த மூன்றையும் படிப்பதில்லை. அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

சட்டம்: எங்கே ஆடலாம்?

சூதாட்டம் நம் அரசியல் சாசனப்படி மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால் ஒரே சீட்டுக்கட்டு ஓரிடத்தில் விளையாட்டாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் ஆகிறது. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் போக்கரைச் சூதாட்டத்தின் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் திறமை ஆட்டம் என்றது. கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் உரிமம் பெற்ற கேசினோக்கள் இருக்கின்றன. இந்தியாவில் நடக்கும் பெரிய நேரடிப் போட்டிகள் பலவும் அங்கேதான் நடக்கின்றன. 21 வயது நிரம்பாதவருக்கு அங்கே அனுமதி இல்லை.

தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ எதுவும் கிடையாது. இங்கே 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு அது விலக்கு தருகிறது. அந்த விலக்கைக் காட்டித்தான் சிலர், ‘போக்கர் திறமை ஆட்டம், எங்கள் கிளப்பில் ஆடினால் பிரச்சினை இல்லை’ என்று அழைக்கிறார்கள். நம்பிவிடாதீர்கள். ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வாடகை வீட்டிலோ விடுதி அறையிலோ ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத் தொகையிலும் கமிஷன் எடுத்து நடத்தப்படும் ஆட்டத்தில் போலீஸ் சோதனை வந்தால், நடத்துபவர் மீது மட்டும் வழக்கு போடுவதோடு நிற்காது. அங்கே ஆடிக்கொண்டிருந்தவருக்கும் தண்டனை உண்டு. காசு வைக்காமல், வெறும் சிப்ஸை வைத்து நண்பர்களோடு ஆடிப் பழகுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆட்டத்தைக் கற்க அதுவே போதும்.

ஆன்லைன் வழி அடைபட்டது

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு சாட்டிலைட் போட்டியில் வென்றார். அந்த வழியாகவே முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் பரிசையும் அள்ளினார். சிறு தொகை கட்டிப் பெரிய போட்டிக்கு இடம் பிடிக்கும் அந்தக் கனவு அன்றிலிருந்து உலகெங்கும் பரவியது. இன்று இந்தியாவில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு இல்லாமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். சட்டம் வந்ததும் நாட்டின் பெரிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

ஆடுபவரை இந்தச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அதனால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். தளங்கள் மூடப்பட்ட இடத்தில் வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஆப்களும், வாட்ஸ்அப், டெலிகிராம் ஏஜென்டுகளும் முளைத்திருக்கிறார்கள். சிப்ஸுக்கான பணத்தை யாரோ ஒருவரின் யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் வென்றால், முகம் தெரியாத வேறொருவரின் கணக்கிலிருந்து பணம் வரும். அந்தக் கணக்கு ஏதேனும் மோசடி வழக்கில் சிக்கியிருந்தால், பணம் வந்து சேர்ந்த உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். சம்பளம் வரும் கணக்கு முடங்கினால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்தான். ‘லாஸ் வேகஸ் பேக்கேஜ்’, ‘கோவா போட்டிக்கு நேரடி டிக்கெட்’ என்று முன்பணம் கேட்பவரையும் போட்டி நடத்தும் நிறுவனத்திடமே விசாரிக்காமல் நம்பாதீர்கள்.

யூட்யூபிலோ இன்ஸ்டாகிராமிலோ போக்கர் பற்றிப் பேசும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஹேண்டை, அதாவது ஒரு சுற்றுச் சீட்டை, எப்படி ஆட வேண்டும் என்று விளக்குவதில் தவறில்லை. அதே காணொளியில் ஒரு பண ஆட்டத் தளத்தின் சின்னத்தையோ இணைப்பையோ காசு வாங்கிக்கொண்டு போட்டால், விளம்பரம் பற்றிய பிரிவு உங்கள் மீது பாயும்.

வரி: கைக்கு வருவது எவ்வளவு?

முதலில் நுழைவுத்தொகை. நீங்கள் கட்டுவது முழுவதும் பரிசுத் தொகுப்புக்குப் போவதில்லை. லாஸ் வேகஸ் முதன்மைப் போட்டியிலேயே 10,000 டாலரில் 9,300தான் பரிசுக்குச் சேர்ந்தது. சிறிய போட்டிகளில் நடத்துபவரின் பங்கு இதைவிட அதிகமாகவே இருப்பது வழக்கம். இந்தியாவில் இதோடு ஜிஎஸ்டியும் சேர்கிறது. கேசினோவில் ஆடச் செலுத்தும் தொகைக்கு 2023 அக்டோபர் முதல் 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்தது. அறிவிப்பில் உள்ள தொகையில் வரி அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா, அதில் எவ்வளவு பரிசுக்குப் போகிறது என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பரிசுக்கான வரி. சீட்டாட்டத்தில் வென்ற தொகைக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. 10,000 ரூபாயைத் தாண்டும் பரிசில் டிடிஎஸ் பிடித்த பிறகே தருவார்கள். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் இந்த வரியிலிருந்து தப்ப முடியாது. எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி ஒன்று உண்டு. தோற்ற தொகையையோ பயணச் செலவையோ வென்ற தொகையில் கழித்துக்கொள்ள சட்டம் இடம் தருவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓராண்டில் 20,000 ரூபாய்ப் போட்டிகள் பத்து ஆடுகிறீர்கள். மொத்தச் செலவு 2 லட்சம். ஒன்பதில் தோற்று, ஒன்றில் 2 லட்சம் வெல்கிறீர்கள். ஆட்டக் கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வரிக் கணக்கிலோ வென்ற 2 லட்சத்துக்கு 62,400 ரூபாய் கட்ட வேண்டும். ரயில் டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் இதற்கு மேல். நன்றாக ஆடியும் நஷ்டப்படலாம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. டிடிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவருக்கு இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வெல்லும் இந்தியரின் போக்கர் பரிசில் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் வசிப்பவர் அந்தப் பரிசை இங்கும் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கேட்கலாம், ஆனால் அதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். பணம் கொண்டுபோவதிலும் விதிகள் உண்டு. லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்கு இந்தியாவிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்ப ஃபெமா விதிகள் தடை விதிக்கின்றன. அந்தப் பட்டியலில் போக்கரின் பெயர் இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுழைவுத்தொகை அனுப்பும் முன் வங்கியிடமும் ஆடிட்டரிடமும் கேளுங்கள். திரும்பி வரும்போது 5,000 டாலருக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும்.

மேசையில் உங்கள் உரிமைகள்

நேரடிப் போட்டிகள் பலவற்றில் போட்டி இயக்குநர்கள் சங்கம் வகுத்த விதிகள் பின்பற்றப்படுகின்றன. 2001இல் தொடங்கிய சங்கம் அது. பதிவு செய்யும்போதே எந்த விதிகளின்படி ஆட்டம் நடக்கும் என்று கேளுங்கள். பிளைண்ட்ஸ் என்னும் கட்டாயப் பந்தயம் உயரும் நேரம், தோற்றபின் மீண்டும் பணம் கட்டி நுழையும் ரீ-என்ட்ரி எத்தனை முறை, பரிசு எத்தனை பேருக்கு ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்காத போட்டியில் பணம் கட்டாதீர்கள்.

டீலரின் முடிவில் சந்தேகம் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். ‘ஃப்ளோர்’ என்று அழையுங்கள். மேற்பார்வையாளர் வந்து தீர்ப்பு சொல்வார். ஆனால் தாமதிக்கக் கூடாது. அடுத்த ஹேண்ட் தொடங்கிவிட்டால் முந்தைய ஹேண்டைப் பற்றி முறையிடும் உரிமை போய்விடும். உங்கள் முறை வந்தபோது வாயால் சொன்ன தொகை உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதால் யோசித்துப் பேசுங்கள். உங்கள் சீட்டுகளைக் காப்பது உங்கள் பொறுப்பு. அவை தவறுதலாக ஒதுக்கப்பட்ட சீட்டுகளோடு கலந்துவிட்டால் பெரும்பாலும் மீட்க முடியாது. ஒருவரின் ஹேண்டை ஒருவரே ஆட வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் உங்களுக்கோ உங்கள் எதிரிக்கோ யோசனை சொன்னால் முறையிடலாம். பலநாள் போட்டியில் இரவு சிப்ஸைப் பையில் போட்டு ஒட்டும்போது எண்ணிக்கையைப் படம் எடுத்து வையுங்கள்.

கடைசி மேசையில், மீதமிருக்கும் பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வரும். சம்மதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சம்மதித்தால் போட்டி நடத்துபவர் முன்னிலையில், எழுத்தில் பதிவாகட்டும். காகிதத்தில் யார் பெயரில் பரிசு போகிறதோ அவர் தலையில்தான் வரியும் விழும்.

பங்கும் கடனும்

நண்பர்கள் சேர்ந்து ஒருவரின் நுழைவுத்தொகையைக் கட்டி, வென்றால் பங்கு பிரித்துக்கொள்வது போக்கரில் சகஜம். ஸ்டேக்கிங் என்பார்கள். தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. போக்கர் பந்தயமா இல்லையா என்ற வாதத்திலேயே வருடங்கள் ஓடிவிடும். ஆகவே திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். மேசையில் தோற்ற பணத்துக்காக மிரட்டுகிறார்கள் என்றால் பயந்து வெளியில் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். மிரட்டல் தனிக் குற்றம். போலீசில் புகார் கொடுங்கள்.

பார்ப்பவர் கவனிக்க வேண்டியது

திரையில் வரும் போக்கர் பெரும்பாலும் வென்றவர்களின் போக்கர். ஆயிரக்கணக்கானோர் எழுந்து போன பிறகு மிஞ்சிய சிலரைத்தான் கேமரா காட்டுகிறது. வீரர்களின் வாழ்நாள் வருமானம் என்று இணையத்தில் காணும் பட்டியல்களும் வென்ற பரிசைத்தான் கூட்டுகின்றன. அதற்காக அவர்கள் கட்டிய நுழைவுத்தொகைகளைக் கழிப்பதில்லை. பத்து லட்சம் டாலர் என்று போட்டிருக்கும் ஒருவர் உண்மையில் கடனில் இருக்கலாம்.

நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் பரிசு என்றால், சராசரித் திறமை உள்ள ஒருவர் தொடர்ந்து பத்துப் போட்டிகளிலும் வெறுங்கையோடு திரும்ப ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது கெட்ட நேரமல்ல, ஆட்டத்தின் இயல்பு. இதை உணராதவர்தான் விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த போட்டிக்கு நகையை அடகு வைக்கிறார்.

கை மீறினால்

தோல்வியை வீட்டில் மறைக்கத் தொடங்கியிருந்தால், ஆட்டத்துக்காகக் கடன் வாங்கியிருந்தால், நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால், அது உதவி கேட்க வேண்டிய நேரம். ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் நொறுங்கிய பிறகுதான் தமிழ்நாடு அரசு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அந்த நிலைக்கு எந்த வீடும் போக வேண்டியதில்லை. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104 இரண்டும் இலவசம். பண மோசடி நடந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், உரையாடல், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பிள்ளை போக்கர் பார்க்கிறான் என்று தெரிந்ததும் திட்டித் தீர்க்கும் பெற்றோரே, அவனோடு உட்கார்ந்து மேலே உள்ள 62,400 ரூபாய்க் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆர்வலர்களுக்குச் சொல்வது இதுதான்: ரசியுங்கள், படியுங்கள், காசில்லாமல் ஆடிப் பழகுங்கள். பணம் கட்டி ஆடித்தான் ஆக வேண்டும் என்றால், உரிமமும் எழுதப்பட்ட விதிகளும் உள்ள இடத்தில், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வீட்டாருக்குச் சொல்லி ஒதுக்கிய தொகைக்குள் ஆடுங்கள். அந்தத் தொகை தீர்ந்த நாளில் அந்த ஆண்டின் ஆட்டமும் முடிந்துவிட வேண்டும்.