கணினி ஒத்திவைக்கும் வேலைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், நெடுநாள் உழைத்து எழுதிய கட்டுரை ஒன்றை என் கணினியிலிருந்து பென்டிரைவில் படியெடுத்தேன். படியெடுத்து முடிந்தது எனத் திரை அறிவித்தது. உடனே பென்டிரைவை உருவிக்கொண்டு அச்சகத்திற்கு விரைந்தேன். அங்கே திறந்து பார்த்தால் கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே பாதிக்குமேல் ஒன்றும் இல்லை. கட்டுரையைத் தருவதற்கு அதுவே கடைசி நாள். அவ்வாறாயின், முடிந்தது என்று சொன்ன கணினி பொய் சொல்லிற்றா? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், கணினி தன் வேலைகளை எவ்வாறு ஒத்திவைக்கிறது என்பதை அறிந்துகொண்டேன். அதனையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருளுக்கு இயக்க முறைமை என்று பெயர். அதன் உட்கருவாக விளங்குவது கெர்னல். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். என் கணினியில் இயங்குவதும் அதுவே. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினாலும், வலையமைப்பின் வழியே ஒரு தரவுப் பொட்டலம் வந்து சேர்ந்தாலும், அந்தந்த உறுப்பு செயலியைக் கூவி அழைக்கிறது. இவ்வழைப்பைக் குறுக்கீடு என்பர். அழைப்பு வந்ததும் செயலி, கையிலுள்ள வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அதனைக் கவனிக்க வேண்டும். கவனித்து முடிக்கும் வரையில் பிற அழைப்புகள் காத்துக் கிடக்கும். ஆதலால், அங்கே நெடுநேரம் தங்குவது கேடாய் முடியும்.

திருமண வீட்டில் மொய் எழுதுபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் பணத்தை வாங்குகிறார். பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதுகிறார். பணத்தைப் பையில் இட்டுவிட்டு அடுத்தவரை நோக்குகிறார். மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பதெல்லாம் பந்தி முடிந்த பிறகுதான். ஒவ்வொரு மொய்க்கும் கணக்கை முதலிலிருந்து கூட்டத் தொடங்கினால், வரிசை வாயிலைத் தாண்டி வீதிக்குப் போய்விடும் அன்றோ?

கெர்னலும் இவ்வாறே வேலையை இரண்டாகப் பகுத்துக்கொள்கிறது. உடனே செய்யாவிடில் இழப்பு நேரும் பகுதியை மேற்பாதி என்றும், சற்றுப் பொறுத்துச் செய்யத்தக்க பகுதியைக் கீழ்ப்பாதி என்றும் சொல்வர். வந்த அழைப்பை ஏற்றுக் குறித்துவைப்பது மேற்பாதியின் வேலை. வந்த பொட்டலத்தைப் பிரித்து, அது எந்த நிரலுக்கு உரியது எனத் தேர்ந்து சேர்ப்பது கீழ்ப்பாதியின் வேலை. கீழ்ப்பாதி நடக்கும்போது புதிய குறுக்கீடுகளுக்கு வழி திறந்தே இருக்கும்.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பொட்டலங்கள் மழைபோல் பொழிந்தால் என் செய்வது? வருவதை வாங்குவதற்கே செயலியின் நேரம் முழுவதும் சென்றுவிடும். வாங்கியதை உரிய இடத்தில் சேர்க்க நேரமே வாய்க்காது. கணினி ஓயாது உழைக்கும். ஆனால் பயன் ஒன்றும் விளையாது. மோகல், ராமகிருஷ்ணன் என்னும் ஆய்வாளர் இருவர் 1996ஆம் ஆண்டில் இந்நிலையை விளக்கி, அதற்குத் தீர்வும் கூறினர். நெருக்கடியின்போது குறுக்கீட்டையே நிறுத்திவிட்டு, கெர்னல் தானே சென்று, ஓர் அளவுக்குட்பட்டுப் பொட்டலங்களை எடுத்துவர வேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி. லினக்ஸ் பின்னர் இத்தகைய வழியையே மேற்கொண்டது. அதன் கீழ்ப்பாதி வேலைக்கும் ஒரு வரம்பு உண்டு. 10 சுற்றுகள் அல்லது ஏறத்தாழ 2 மில்லி விநாடிகள் கடந்தும் வேலை எஞ்சியிருப்பின், அதனைத் தனிப் பணியாள் ஒருவரிடம் கெர்னல் ஒப்படைக்கிறது. அப்பணியாள் மற்ற நிரல்களோடு வரிசையில் நின்று, தன் முறை வரும்போதே வேலை செய்கிறார். இதனால் உங்கள் நிரலுக்கும் ஓடுவதற்கு நேரம் கிடைக்கிறது.

மற்றொரு வகை வேலையும் உண்டு. சில பணிகள் இடையில் காத்திருக்க வேண்டியவை. வட்டு மறுமொழி தரும் வரையில் மேலே செல்ல முடியாதவை. கீழ்ப்பாதி அவ்வாறு காத்திருக்கக்கூடாது; காத்திருந்தால் கணினியே உறைந்துவிடக்கூடும். இத்தகைய பணிகளுக்கென அமைந்ததே பணிவரிசை. அங்குள்ள பணியாளர் காத்திருக்கலாம். உறங்கி எழவும் செய்யலாம்.

என் பென்டிரைவின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. நாம் கோப்பைச் சேமிக்கும்போது, லினக்ஸ் அதனை முதலில் நினைவகத்தில் மட்டுமே வைக்கிறது. வட்டில் எழுதுவது மெதுவான வேலை. அதே பகுதியை நாம் மீண்டும் திருத்தவும் கூடும். ஆகவே பலமுறை எழுதாமல், சேர்த்து ஒருமுறை எழுதுவதே சிக்கனம். பொதுவான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை கெர்னல் விழித்துப் பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை எழுதத் தொடங்குகிறது. இவ்வேலையைச் செய்வதும் பணிவரிசையே. திரை முடிந்தது என்றது, வாங்கிக்கொண்டேன் என்னும் பொருளில்தான். நானோ, எழுதிவிட்டேன் என்று பொருள் கொண்டேன். மொய்ப் பையைக் கணக்கு முடியுமுன்னரே பறித்துக்கொண்டு ஓடியவன் நானே.

கெர்னல் இதற்கும் வழி வைத்திருக்கிறது. எஃப்சிங்க் என்னும் கட்டளையை ஒரு நிரல் விடுத்தால், அந்தக் கோப்பு சேமிப்புக் கருவியைச் சென்றடைந்த பின்னரே கெர்னல் மறுமொழி கூறும். ஒரு பதிவும் தொலையக்கூடாத தரவுத்தளங்கள் இதனையே நம்பியிருக்கின்றன. பென்டிரைவை எடுக்குமுன் வெளியேற்றும் கட்டளையை நாம் கொடுப்பதும் இக்காரணம் பற்றியே.

வேலையை ஒத்திவைப்பதில் குற்றமில்லை. எதை உடனே செய்வது, எதைக் குறித்துவைப்பது, குறித்ததை எவ்வளவு காலத்திற்குள் முடிப்பது என்னும் மூன்றும் தெளிவாயிருத்தல் வேண்டும். இப்பொழுதெல்லாம் நான் அக்கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சில நொடிகள் பொறுத்திருக்கிறேன். உள்ளே மொய்க் கணக்கு முடிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.