மண்ணில் நிகழும் கொடுக்கல் வாங்கல்

உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றினுள் வாழும் ரைசோபிய வகைப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கிப் பயிருக்கு அளிப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இத்திறமை ஒரு பாக்டீரியாவிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதோ பலரும் அறியாத செய்தி.

பாக்டீரியாவின் பரம்பரைக் கட்டளைகள் பெரும்பாலும் குரோமோசோமில் அடங்கியுள்ளன. அதற்குப் புறம்பே தனித்த டி.என்.ஏ. வளையங்களும் பலவற்றில் உண்டு. இவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று 1952-இல் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க். சங்கத்தின் பேரேட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் துணைக் கணக்குப் புத்தகம் போன்றவை இவை.

இரு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொடும்போது, வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்று அடுத்ததற்குச் செல்லும். இரு பக்கத்திலும் எதிரிழை புதிதாக உருவாகும். எனவே கொடுத்ததற்குக் குறைவில்லை, பெற்றதற்கோ புதுத்திறமை. 1978-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஆய்வாளர்கள், பட்டாணிக்குரிய பிளாஸ்மிட்டை வேறு பயிருக்குரிய ரைசோபியத்துக்கு மாற்றினர். அதுவும் பட்டாணி வேரில் முடிச்சிட்டது!

எல்லா வளையமும் தானே செல்ல வல்லதன்று. மெக்ஸிகோவில் ஆராயப்பட்ட, பீன்ஸ் வேரில் வாழும் ரைசோபியம் எட்லியின் ஒரு வகையில் ஆறு பிளாஸ்மிட்டுகள் உள்ளன. முடிச்சிடும் கட்டளைகள் கொண்ட வளையம், பயணம் செய்யவல்ல மற்றொன்றுடன் இணைந்து ஒரே பெருவளையமாகிச் செல்கிறது. பின்னர் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. இரு சங்கங்கள் இணைந்து பிரிவதைப் போல, சில வேளைகளில் பாகங்கள் இடம் மாறிவிடுவதும் உண்டு.

பிளாஸ்மிட் தொலைந்து போவதும் உண்டு. 1979-இல் போலந்து ஆய்வாளர்கள் க்ளோவர் தீவனப் பயிரின் ரைசோபியத்தை மிகுந்த வெப்பத்தில் வளர்த்தபோது, பல பிளாஸ்மிட்டை இழந்தன. முடிச்சிடும் ஆற்றலும் போயிற்று. பாக்டீரியா உயிரோடிருந்தும் பயனில்லை.

நம் நிலக்கடலை, உளுந்து வேர்களில் வாழும் இனத்தில் இக்கட்டளைகள் பெரும்பாலும் குரோமோசோமிலேயே உள்ளன. ஆயினும் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் பாக்டீரியாவே மடிந்துவிடும். ஆகையால் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைக் குளிர்ந்த நிழலில் வைத்து, குறித்த தேதிக்குள் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி உடனே விதைத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வங்கத்தினரைப் பேணினால், உர மூட்டைக்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி நம்மிடமே தங்கும்.