புழுவின் குடலில் ஒரு கத்தரி

போன மாதக் கூட்டத்தில் ஓசூர் பக்கமிருந்து வந்திருந்த முட்டைக்கோஸ் விவசாயி ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணே, நாலு வருஷமா பி.டி. தூள்தான் அடிக்கிறேன். மொதல்ல எல்லாம் அடிச்ச மறுநாளே புழு தீனி எடுக்காம சோர்ந்துடும், ரெண்டு மூணு நாள்ல கருத்துத் தொங்கும். இப்ப வாரம் ஒரு தடவை அடிச்சும் இலையைச் சல்லடை ஆக்குது. மருந்து டூப்ளிகேட்டா, இல்ல புழு மாறிடுச்சா?"

"ரெண்டும் இருக்கலாம்" என்று சொல்லி அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். முழுசாகச் சொல்ல வேண்டுமானால் புழுவின் குடலுக்குள் போய், அங்கே இருக்கிற ஒரு நொதியைப் பார்க்க வேண்டும். அந்த நொதியின் உறவுக்காரர் நம் குடலிலும் இருக்கிறார், மாட்டின் குடலிலும் பன்றியின் குடலிலும் இருக்கிறார்.

புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரி. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். மாலையாகவே அது உடம்பில் சேராது. முதலில் வயிற்றுச் சாறும் குடல் சாறும் மாலையைத் துண்டு துண்டாக அறுக்கும். அந்தச் சின்னத் துண்டுகளை ஒரு முனையிலிருந்து மணி மணியாகக் கழற்றி எடுக்கிற வேலை கடைசியில் நடக்கும். அதைச் செய்கிற முக்கியமான கத்தரிக்கு அமினோபெப்டிடேஸ் என் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, கத்தரி என்றே வைத்துக்கொள்வோம். அதன் வாயில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துத்தநாகம் இல்லையென்றால் கத்தரி வெட்டாது.

மற்ற செரிமான நொதிகளில் பல சாறோடு சாறாக மிதக்கும். இது மிதக்காது. குடல் சுவரில் இருக்கிற செல்லின் வெளித்தோலில் கால் ஊன்றி, வாயை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி வாசலிலேயே நிற்பதால்தான் இதற்குச் சாப்பாட்டோடு சேர்த்து வம்பும் வந்து சேர்கிறது.

பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஒரு மண் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், பட்டுப்புழுக்கள் திடீரென்று செத்துப்போவதற்குக் காரணம் தேடியபோது இதைக் கண்டார். பிறகு 1911-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், மாவுப்பூச்சியின் புழுவிலிருந்து பெர்லினர் இதைப் பிரித்தெடுத்தார். ஊர்ப் பெயரே பாக்டீரியாவுக்கும் வந்துவிட்டது. 1938-லேயே பிரான்ஸில் பூச்சி மருந்தாக விற்பனைக்கு வந்தது. இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகளும் இந்தத் தெளிப்பை அனுமதிக்கின்றன.

இந்த பாக்டீரியா விதைபோல் உறங்கப் போகும்போது உடம்புக்குள் ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைக்கும். படிகமாக இருக்கும்வரை அது விஷமில்லை. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்ன வேண்டும். அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. கார அமில அளவில் 9, 10, சிலவற்றில் அதற்கும் மேலே. அந்தக் காரத்தில்தான் படிகம் கரையும். கரைந்ததைப் புழுவின் செரிமானச் சாறே நறுக்கிக் கொடுக்கும். நறுக்கியதும் நஞ்சு தயார். ஆக, தன்னைக் கொல்லும் மருந்தைப் புழுதான் தயாரித்துக்கொள்கிறது.

தயாரான நஞ்சு பிடிமானம் தேடும். குடல் செல்லின் வாசலில் நிற்கிற நம் கத்தரிதான் அந்தப் பிடிமானங்களில் ஒன்று. கத்தரியின் மேல் ஒட்டியிருக்கிற ஒருவகைச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு, கிரை1ஏசி என்ற பி.டி. நஞ்சு செல்லின் தோலில் இறங்குகிறது. புகையிலைக் கொம்புப்புழுவில் இதை 1994-ல் காட்டினார்கள். கத்தரி மட்டுமல்ல, கேடெரின் என்ற புரதமும் வேறு சிலவும் இதில் கூட்டு. நாலைந்து நஞ்சு மூலக்கூறுகள் ஒன்றுகூடி செல்லில் ஓட்டை போடும். ஓட்டை வழியே நீர் புகுந்து செல் வீங்கி வெடிக்கும். சில மணி நேரத்தில் குடல் செயலிழந்து புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். "அடிச்சும் சாகலை" என்று மறுநாளே மறுபடி அடிப்பவர்கள் இதைக் கவனிக்கணும். புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், இலை புதிதாகக் குறைகிறதா என்று பாருங்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சோதனை நடந்தது. புதுடெல்லியில் இருக்கும் பன்னாட்டு மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித்தொழில்நுட்ப மையத்தில், புரோடீனியா புழுவின் உடம்பில் இந்தக் கத்தரியை உருவாக்கும் மரபணுவை அடக்கி வைத்தார்கள். பிறகு அதற்குப் பொருத்தமான பி.டி. நஞ்சைக் கொடுத்தார்கள். கத்தரி குறைந்த புழுக்களில் சாவும் குறைந்தது. 2002-ல் வெளியான ஆய்வு. பிடிமானம் போனால் நஞ்சு தோற்றுவிடும் என்பது அதில் தெளிவாயிற்று.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். அதே கத்தரி நம்ம குடலிலும் இருக்கே, அப்படின்னா பி.டி. அடித்த கோஸை நாம சாப்பிடலாமா? நம் இரைப்பை காரமில்லை, கடும் அமிலம். படிகம் புழுக்குடலில் கரைவதுபோல் இங்கே கரைந்து நஞ்சாகத் தயாராவதில்லை, வேறு புரதத்தைப்போலச் செரித்துப் போகும். நம் கத்தரியும் புழுவின் கத்தரியும் ஒரே குடும்பம் என்றாலும் அச்சு அசல் ஒன்றல்ல, மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைகளும் வேறு. தெளிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள், தூளை முகரக்கூடாது. காயைக் கழுவிச் சமையுங்கள். அவ்வளவுதான்.

நம் உடம்பில் இந்தக் கத்தரி குடலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தில் உண்டு, சிலவகை வெள்ளை அணுக்களின் மேல் உண்டு. மூளையில், உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணி போன்ற பொருள்களை வெட்டி அடக்குவதில் இதற்குப் பங்கு உண்டு. மருத்துவர்கள் இதை சி.டி.13 என்பார்கள். ரத்தப் புற்றுநோய் எந்த வகை என்று பிரித்தறியும் சோதனையில் செல்லின் மேல் இந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புற்றுக்கட்டி தனக்குச் சாப்பாடு கொண்டுவரப் புதிய ரத்தக்குழாய்களை இழுக்குமே, அந்தக் குழாய்களிலும் இது கூடுதலாகத் தென்படும்.

இந்தக் கத்தரியைக் கட்டிப்போடும் பெஸ்டாடின் என்ற பொருளை 1970-களில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். எங்கிருந்து தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்து நுண்ணுயிரிலிருந்து. முதல் மழையில் மண்வாசனை தருகிறதே, அதே குடும்பம். ஜப்பானில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அது அனுமதி பெற்றது. ஒரு மண்ணுயிர் கத்தரியைப் பிடித்துக்கொண்டு புழுவைக் கொல்கிறது, இன்னொரு மண்ணுயிர் அதன் வாயைக் கட்டுகிறது. காலடி மண்ணில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ!

வாசலில் நிற்பவனைப் பிடித்து உள்ளே புகும் வித்தை வைரஸ்களுக்கும் தெரியும். சாதாரண சளி கொடுக்கும் 229இ என்ற கொரோனா வைரஸ் மனிதக் கத்தரியைப் பிடித்தும், பன்றிக்குட்டிகளுக்குக் கொள்ளையாய் வயிற்றுப்போக்கு கொடுக்கும் இன்னொரு கொரோனா வைரஸ் பன்றியின் கத்தரியைப் பிடித்தும் நுழைகின்றன என்று 1992-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டு வாரத்துக்குள்ளான குட்டிகளுக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. 2020-ல் நம்மை வீட்டில் அடைத்த கொரோனா பிடித்தது வேறொரு கத்தரியை, ஆனால் அதுவும் செல்லின் மேல் நின்று புரதத் துண்டு வெட்டுகிற ஜாதிதான்.

இனி ஓசூர்க்காரரின் கேள்விக்கு வருவோம். நஞ்சுக்குத் தேவை பிடிமானம் மட்டுமே. கத்தரி வெட்டுகிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. புழுவுக்கு வேண்டியதோ வெட்டும் வேலை. அதற்கு அதனிடம் ஒரே கத்தரி இல்லை, ஒரே குடும்பத்தில் பல கத்தரிகள் வைத்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் வளர்க்கும் பசுமைக் குடில்களில் பி.டி.யைத் திரும்பத் திரும்பத் தெளித்தார்கள். முட்டைக்கோஸ் காவடிப்புழு அங்கே பி.டி.க்கு அசையாமல் நின்றது. அதன் குடலைப் பிறகு ஆராய்ந்தபோது, நஞ்சு பிடிக்கும் முதல் எண் கத்தரி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆறாம் எண் கத்தரி கூடியிருந்தது. சாப்பாடும் நடக்கிறது, நஞ்சுக்கும் பிடி கிடைக்கவில்லை. இதில் இன்னொரு வாசல் புரதத்துக்கும் பங்கு உண்டு என்றும் கண்டார்கள்.

முட்டைக்கோஸின் பெரிய எதிரியான வைர முதுகு அந்துப்பூச்சி இதற்கும் முன்னாலேயே பாடம் படித்துவிட்டது. ஹவாய்த் தீவில் பி.டி. தெளிப்புக்கு அது எதிர்ப்பு காட்டுவது 1990-ல் பதிவாயிற்று. திறந்த வயலில் பி.டி.யைத் தாங்கிய முதல் பூச்சி அதுதான். எனவே "இயற்கை மருந்துக்கு எதிர்ப்பு வராது" என்று நம் மேடைகளிலேயே சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரா வாரம் அடித்தால் எதற்கும் வரும்.

தெளிப்புக்கே இப்படி என்றால், செடியின் உடம்பிலேயே நஞ்சை வைத்தால்? தெளித்த பி.டி. வெயிலில் சில நாளில் அழிந்துபோகும். பி.டி. பருத்தியோ முளைத்தது முதல் அறுவடை வரை எல்லாப் பாகத்திலும் நஞ்சு வைத்துக்கொண்டு நிற்கும். 2002-ல் இந்தியாவில் அனுமதி. 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பு பெற்றுவிட்டதை விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு வந்த இரட்டை நஞ்சுப் பருத்தியும் அந்தப் புழுவிடம் தோற்றது. அந்தப் புழு மாற்றிக்கொண்டது கத்தரியை அல்ல, கேடெரின் என்ற மற்றப் பிடிமானத்தை. நஷ்டம் பருத்திக்காரருக்கு மட்டுமில்லை. மண் கொடுத்த ஒரு நல்ல மருந்து, அதை அளவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்து மழுங்கிப் போகிறது. இதில்தான் எனக்குக் கோபம்.

ஒரு நல்ல சேதியும் கனடாவிலிருந்தே வந்தது. தெளிப்பை நிறுத்தியபோது எதிர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. எதிர்ப்பைச் சுமப்பது புழுவுக்கும் பாரம்தான் போலிருக்கிறது. ஆகவே இடைவெளி விடுங்கள். கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்னால் ஓரத்தில் கடுகு விதைத்து, 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்று வைத்தால் தாய் அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போகும். நடுவில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் கொடுக்கலாம். கொட்டீசியா போன்ற சின்னக் குளவிகள் புழுவுக்குள் முட்டையிட்டுக் கொல்கின்றன. அவற்றை விரட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பி.டி. கடைசிக் கைக்கு இருக்கட்டும்.

அடிக்கிறதா இருந்தால் புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலம், இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்கணும். சுண்ணாம்பு, போர்டோ கலவை எதையும் கூடக் கலக்காதீர்கள். காரம் பட்டால் புழுவின் குடலில் கரைய வேண்டிய படிகம் டேங்கிலேயே கெட்டுப்போகும். கரைத்ததை மறுநாளைக்கு வைக்கவும் கூடாது. பக்கத்தில் மல்பெரி இருந்தால் தெளிக்கவே வேண்டாம். இஷிவாட்டா இதைக் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் குர்ஸ்டாகி என்ற ரகம், அது புரோடீனியாவை அவ்வளவாகக் கேட்காது. பாக்கெட்டில் ரகப் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

மருந்தா, புழுவா? கண்டுபிடிக்க லேப் வேண்டாம், நாலு டப்பா போதும். உங்கள் வயலில் இருபது சின்னப் புழு எடுங்கள். பி.டி.யே அடிக்காத, கொஞ்சம் தள்ளியிருக்கிற வயலிலிருந்து இருபது எடுங்கள். கோஸ் இலைகளைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, இரண்டு டப்பாவில் போட்டு இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக விடுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்த இலையோடு இரண்டு டப்பா, இரண்டு வயல் புழுவுக்கும் ஒவ்வொன்று. டப்பாவுக்குப் பத்துப் புழு. நாலு நாள் கழித்து எண்ணுங்கள். தண்ணீர் டப்பாவிலேயே நிறையச் செத்திருந்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்யணும். மருந்து டப்பா இரண்டிலும் புழு உயிரோடு இருந்தால் பாக்கெட்டைச் சந்தேகப்படலாம். அடுத்த வயல் புழு செத்து உங்கள் வயல் புழு மட்டும் தின்றுகொண்டிருந்தால் மாறியது புழு.

இதை ஓசூர்க்காரரிடம் போனில் சொன்னேன். "புழு பொறுக்கறது நமக்கு என்னண்ணே புதுசா, அடுத்த கூட்டத்துக்கு டப்பாவோட வர்றேன்" என்றார்.